ஆறு வோல்ட்

பழுதா? இந்த சார்ஜர்ல பழுதெல்லாம் கிடையாது தம்பி. வாங்கி ஒன்றரை வருஷம்கூட முடியல. அந்தப் பச்சை லைட் எரியுது பாருங்க, ரெடியா இருக்குன்னு அர்த்தம். கேபிள் அஞ்சு மீட்டர். எங்கயும் மடங்கல, உரசல. தினமும் சுத்தி மாட்டி வைப்பேன். இப்பவும் வாரத்துக்கு ஒருதரம் துடைக்கிறேன். உட்காருங்க, அந்தச் சேரை இழுத்துப் போட்டுக்குங்க. தஞ்சாவூர்லேருந்து இதுக்குன்னே வந்திருக்கீங்க, ஒரு காபியாவது குடிச்சிட்டுப் போங்க. நான்தான் போடணும். சுமாராத்தான் இருக்கும், முன்னாடியே சொல்லிட்டேன்.

அப்புறம் ஏன் விக்கிறீங்கன்னு கேக்குறீங்க. வண்டி இங்க இல்ல தம்பி. கரண்ட் கார் இல்லாத வீட்டுல இது எதுக்கு? வண்டி அறந்தாங்கியில இருக்கு. என் வீட்டுக்காரியும் அங்கதான் இருக்கா. சண்டையெல்லாம் ஒண்ணும் இல்ல. நேத்துகூட போன்ல பேசினா. மோர்க்குழம்புக்கு எவ்வளவு தேங்கா அரைக்கணும்னு கேட்டேன், சொன்னா.

உங்களுக்கு இன்னும் முடிவாகலன்னு எனக்குத் தெரியுது. போர்ட்டபிளா, செவுத்துல மாட்டுறதான்னு போன்லயே ரெண்டு தடவ கேட்டீங்க. சொல்றேன். எங்கிட்ட கேட்டா நான் செவுத்துல மாட்டுறதுன்னுதான் சொல்வேன். இப்பவும் அதான் சொல்வேன். போர்ட்டபிள்ங்கிறது என்ன? ஒரு பெட்டி, ஒரு வயர், ஒரு பதினஞ்சு ஆம்பியர் பிளக். வண்டி முழுசா ஏற ஒன்பது மணி நேரம், பத்து மணி நேரம். இது அஞ்சு மணி நேரத்துல ஏத்திடும். இதுக்குன்னு தனி லைன், தனி பிரேக்கர், கசியுற கரண்டை மண்ணுக்குள்ள இறக்கத் தனி எர்த். மழை பெஞ்சாலும் பயம் இல்ல. போர்ட்டபிளை எடுத்துட்டுப் போயி கண்ட வீட்டுல, கண்ட பிளக்குல சொருகுவோம். அந்த வீட்டு வயரிங் எப்ப போட்டது, எர்த் இருக்கா இல்லையா, யாருக்குத் தெரியும்?

நான் பாய்லர் சாமான் செய்யுற கம்பெனியில குவாலிட்டி இன்ஸ்பெக்டர். இங்க பக்கத்துலதான், துவாக்குடியில. இருபத்தாறு வருஷம் ஆச்சு. வெல்டிங் போட்டு வரும், நாங்க அளந்து எழுதணும். நான் கையெழுத்துப் போட்டா அது வெளியூர் போகும், போடலைன்னா அங்கேயே கிடக்கும். முதலாளியே வந்து நின்னு, "கொஞ்சம் பார்த்துப் போடுங்க சார்"னு சொல்லியிருக்காரு. அரை மில்லிமீட்டர்கூட மாத்தி எழுதினது கிடையாது. அப்படிப்பட்ட ஆளு நான். அதனால எர்த் விஷயத்துல நான் கறாரா இருந்தேன்னா அதுல தப்பு சொல்ல முடியாது, இல்லையா?

காபியில சர்க்கரை போடலாம்ல? சரி.

ஷோரூம்ல இருந்த பொண்ணு, ரெண்டுல ஒண்ணு வண்டியோடயே தருவோம்னுச்சு. அந்தப் பொண்ணு கேக்குறதுக்கு முன்னாடியே தையல் சொல்லிட்டா. தையல்னா என் வீட்டுக்காரி, தையல்நாயகி. "கையில எடுத்துட்டுப் போறதே குடுங்கம்மா, அப்பா வீட்டுக்குப் போனா அங்கயும் போட்டுக்கலாம்"னா. நான் விடல. "உங்க அப்பா வீட்டுக்கு வருஷத்துக்கு நாலு தடவ போவோம், அதுக்காகவா?"ன்னேன். அந்தப் பொண்ணுக்கு முன்னாடியே ரெண்டுத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பத்து நிமிஷம் எடுத்துச் சொன்னேன். அந்தப் பொண்ணே, "சார், எங்க டிரெய்னிங்ல இவ்வளவு சொல்லித் தரல"ன்னுச்சு. தையல் சிரிச்சா. "சரிங்க, உங்க இஷ்டம்"னா. பாஸ்ட் சார்ஜிங் உள்ள மாடல் வேற ஒண்ணு இருந்துச்சு. அது பேட்டரிக்கு ஆகாதுன்னு நான்தான் வேண்டாம்னேன். அன்னிக்கு அவ சிரிச்சது எனக்கு ஞாபகம் இருக்கு. வண்டி அவளுக்காக வாங்கினதுதான். அவ பேர்லதான் இருக்கு. ஸ்கூல் வேலைக்குப் போயிட்டு வர.

எங்களுக்குப் பிள்ளைங்க இல்ல. நாங்க ரெண்டு பேர்தான். இதோட ஒரு ஆப் உண்டு தம்பி, உங்களுக்கும் போட்டுத் தரேன். வண்டிய இதுல சொருகினதும் போன்ல சின்னதா ஒரு சத்தம் வரும். நான் கம்பெனியில இருப்பேன், நாலே காலுக்கு அந்தச் சத்தம் வரும். தையல் வீட்டுக்கு வந்துட்டான்னு அர்த்தம். அந்தச் சத்தம் கேட்டாத்தான் எனக்கு வேலையே ஓடும். நாலரை ஆகியும் வரலைன்னா கை ஓடாது. சிரிக்காதீங்க, உங்களுக்கும் அந்தப் பழக்கம் வரும்.

தையில வண்டி வாங்கினோம். பங்குனியில மாமனாருக்கு ரெண்டு கிட்னியும் போயிடுச்சுன்னு சொல்லிட்டாங்க. சர்க்கரை ரொம்ப வருஷமா இருந்துச்சு. அவர் பேரு வைரக்கண்ணு. அரசு பஸ்ல டிரைவரா இருந்து ரிட்டயர் ஆனவரு. மாமியார் போயி ஏழெட்டு வருஷம் ஆச்சு. தனியாத்தான் இருந்தாரு. சமைச்சுப் போட அம்சவல்லின்னு பக்கத்து வீட்டம்மா ஒருத்தங்க. தையல் ஒரே பொண்ணு. வாரத்துக்கு ரெண்டு நாள், திங்களும் வியாழனும், புதுக்கோட்டைக்குப் போயி டயாலிசிஸ் பண்ணிக்கணும். ஒரு நாளைக்கு முக்கால் லிட்டருக்கு மேல தண்ணி குடிக்கக் கூடாது. அந்த மனுஷன் பாட்டில்ல கோடு போட்டு வச்சிருந்தாரு. கோடு தாண்ட மாட்டாரு. எங்க வீட்டுக்கு வந்து இருங்க, திருச்சியிலயே பண்ணிக்கலாம்னு நான் மூணு தடவ கூப்பிட்டேன். அதை நீங்க மறந்துடக் கூடாது. மூணு தடவ. "பொண்ணு குடுத்த வீட்டுல போயி நான் படுக்கையாக் கிடக்குறதா மாப்ள? வேண்டாம், விடுங்க"ன்னுட்டாரு. அவங்க பக்கத்து வழக்கம் அப்படி. பொண்ணு வீட்டுக்கு வந்தா ஒரு வேளை கை நனைச்சிட்டு சாயங்காலமே கிளம்பிடுவாங்க.

அப்பதான் தையல் கேட்டா. "ஸ்கூல்ல ஆறு மாசம் சம்பளமில்லாம லீவு தர்றேங்கறாங்க. நான் போயி அப்பாகூட இருக்கேன். வண்டிய எடுத்துட்டுப் போறேன். ரெண்டு நாளும் நானே கூட்டிட்டுப் போயிட்டு வந்துடுறேன். ஒரு போர்ட்டபிள் மட்டும் வாங்கிக் குடுங்க"ன்னா.

காசு பெரிசில்ல தம்பி. அதை நான் கணக்கே பார்க்கல. ஆனா அந்த வீடு அவர் சர்வீஸ்ல இருக்கும்போது கட்டினது. வயரிங் எல்லாம் அந்தக் காலத்துது. எர்த்தே கிடையாது. ராத்திரி பூரா பதினஞ்சு ஆம்பியர் இழுத்தா வயர் சூடாகும். பொட்டுனு ஏதாவது ஆச்சுன்னா? "எர்த் இல்லாத வீட்டுல நான் சார்ஜ் போட விடமாட்டேன்"னேன். வண்டி இல்லாம அங்க போயி இருந்து என்ன பிரயோஜனம், அவரைப் பஸ்லதானே ஏத்தணும். டாக்சி ரெண்டு தடவ வச்சுப் பார்த்தோம். மூணாவது தடவ அவரே வேண்டாம்னுட்டாரு. டிரைவரா இருந்தவருக்குப் பாஸ் இருக்கு. பஸ்ல ஏறினா முன் சீட்டு குடுப்பாங்க, எல்லாம் தெரிஞ்ச பசங்க.

நான் சும்மா இருந்துட்டேன்னு நினைக்காதீங்க. ஒரு சார்ட் போட்டேன். இங்கேருந்து புதுக்கோட்டை அம்பத்தஞ்சு கிலோமீட்டர். அங்கேருந்து அறந்தாங்கி முப்பத்தஞ்சு. வண்டி ஒரு சார்ஜுக்கு இருநூத்தி இருபது ஓடும். இவ இங்கேருந்து அறந்தாங்கி போயி, அவரைக் கூட்டிட்டுப் புதுக்கோட்டை வந்து, திரும்பக் கொண்டுபோய் விட்டுட்டு வீட்டுக்கு வரணும்னா இருநூத்தி அம்பது ஆகும். முப்பது கிலோமீட்டர் இடிக்குது. அதனால போகும்போது அவர் பஸ்ல போயிடட்டும், உடம்பு அப்ப கொஞ்சம் தெம்பாத்தானே இருக்கும். டயாலிசிஸ் முடிஞ்சுதான் தள்ளாடும். முடியுற நேரத்துக்கு இவ நேரா புதுக்கோட்டைக்குப் போயி, அவரை வீட்டுல விட்டுட்டு இங்க வந்துடலாம். நூத்தி எம்பது. சார்ஜ் மிச்சமே இருக்கும். திங்களும் வியாழனும் ஸ்கூல்ல தலை காட்டிட்டுக் கிளம்பிட பர்மிஷன். ஆறு மாசம் லீவே தேவையில்ல. அந்த சார்ட்டை ஃபிரிட்ஜ்ல ஒட்டினேன். இன்னும் அங்கதான் இருக்கு, உள்ள தண்ணி குடிக்கப் போனீங்கன்னா பாருங்க.

ஏழு மாசம் அப்படித்தான் ஓடுச்சு. அவர் விடிகாலை அஞ்சே முக்கால் பஸ்ஸுக்குத் தனியா நடந்து போவாரு. இவ பத்தரை மணிக்குப் புதுக்கோட்டையில நிப்பா. முதல் தடவ இந்த வண்டியில ஏறினப்ப, "இதுல கியரே இல்லையா பாப்பா? அப்ப டிரைவருக்கு என்ன வேலை?"ன்னு கேட்டாராம். சத்தமே இல்லாம போகுதேன்னு ஜன்னலைத் திறந்து வச்சுக்கிட்டு வருவாராம். வரும்போதே தூங்கிடுவாராம். அவ சாயங்காலம் வந்து இதையெல்லாம் சொல்லுவா. நான் கேட்டுக்கிட்டே சாப்பிடுவேன். நல்லாத்தான் இருந்துச்சு தம்பி. அவ முதல் மூணு மாசத்துலயே எளைச்சுட்டான்னு அம்சவல்லியம்மா சொன்னாங்க. தினமும் பாக்குற எனக்குத் தெரியல.

ஆவணி கடைசியில ஒருநாள் மாமனாரே எனக்குப் போன் பண்ணாரு. அவர் எனக்குப் போன் பண்றதே அபூர்வம். பொண்ணுகிட்ட பேசிட்டு, "மாப்ளைய விசாரிச்சேன்னு சொல்லு"ன்னு வச்சுடுவாரு. அன்னிக்கு நேரா எனக்கே.

"மாப்ள, எர்த் போட்டாச்சு"ன்னாரு.

எனக்கு முதல்ல புரியல.

"எலக்ட்ரீஷியன் செபஸ்தியானைக் கூப்பிட்டுப் போட்டேன். எட்டடி தோண்டி, கரியும் உப்பும் கொட்டி, பைப் இறக்கியிருக்கு. போர்டுலேருந்து புது வயர் இழுத்து, வாசல்ல தனியா ஒரு பிளக் வச்சிருக்கு. மழை படாம மேல மூடி போட்டிருக்கு. நீங்க ஒரு நடை வந்து மீட்டர் வச்சுப் பார்த்துச் சொன்னீங்கன்னாத் தேவலை. நாங்க சொன்னா பாப்பா நம்பாது மாப்ள. நீங்க சரின்னு சொன்னாத்தான் அது வந்து இருக்கும்."

எர்த் இல்லைன்னு நான் சொன்னதைத் தையல் எப்பவோ அவர்கிட்ட சொல்லியிருக்கா. குத்தமா இல்ல, காரணமாச் சொல்லியிருக்கா. மனுஷன் அதை மனசுல போட்டுக்கிட்டு, ஆள் வச்சு வேலையை முடிச்சுட்டுத்தான் பேசுறாரு. பொண்ணுக்கே தெரியாது. அவ போன்ல கேட்டுட்டு அழுதுட்டா. சந்தோஷத்துல அழுதா. அன்னிக்கு ராத்திரியே பெட்டி எடுத்து வச்சுட்டா தம்பி. பீரோவுக்குப் பக்கத்துல அந்தப் பெட்டி. மூணு நாள் நான் அதைச் சுத்திக்கிட்டுப் போயி வந்தேன்.

ஞாயித்துக்கிழமை போனோம். போனதும் மோர் குடுத்தாரு. அவர் குடிக்கல. நாங்க குடிக்கிறதைப் பார்த்துக்கிட்டிருந்தாரு. அப்புறம் வாசலுக்குக் கூட்டிட்டுப் போனாரு. நல்ல வேலை தம்பி, நான் பொய் சொல்லக் கூடாது. செபஸ்தியான்ங்கிற ஆளு படிச்சவர் இல்ல, ஆனா வேலை சுத்தம். குழிக்கு மேல சிமெண்ட்ல சின்னத் தொட்டி மாதிரி கட்டி, தண்ணி ஊத்த வசதி பண்ணியிருந்தாரு. வயர் ஒழுங்கான சைஸ். பிளக் புதுசு.

நான் மீட்டரை எடுத்தேன். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவுல மூணு வோல்ட்டுக்குள்ள இருக்கணும், அதான் நான் பாக்குற கணக்கு. ஒரு முள்ளை இதுல வச்சேன், ஒரு முள்ளை அதுல வச்சேன். அவர் எனக்கு வலது பக்கம் நின்னாரு. தையல் நிலைப்படியில நின்னா.

"எவ்வளவுங்க?"ன்னா.

ஆறுன்னு சொன்னேன்.

"எவ்வளவு இருக்கணும் மாப்ள?"ன்னாரு.

மூணுன்னு சொன்னேன். ஆறு இருந்தா சார்ஜர் ஏத்திக்காது, சிவப்பு லைட் எரியும்னு சொன்னேன். அவர் முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு. பாஸ் ஆகாத பையன் மாதிரி நின்னாரு தம்பி, எழுபத்திரண்டு வயசு மனுஷன். "குறைக்க வழியிருக்கா?"ன்னு கேட்டாரு. நான் சும்மா இருந்திருக்கலாம். "தண்ணி ஊத்திக்கிட்டே வாங்க மாமா. குழி நல்லா ஊறினா இறங்கும். ரெண்டு மாசம் போகட்டும். தீபாவளிக்கு வர்றப்ப மறுபடி பாக்குறேன்"னு சொல்லிட்டேன். "ரெண்டு மாசந்தானே? ஊத்திட்டாப் போச்சு"ன்னாரு. தையல் உள்ள போயி பெட்டியை எடுத்துட்டு வந்து வண்டியில திரும்ப வச்சா. வரும்போது வழியெல்லாம், "அப்பா எவ்வளவு பாடு பட்டிருக்காருல்ல"ன்னு அதையே சொல்லிக்கிட்டு வந்தா. என் மேல ஒரு வார்த்தை இல்ல.

அவர் ஊத்தினாரு. இதை அம்சவல்லியம்மா காரியத்தன்னிக்குத்தான் எனக்குச் சொன்னாங்க. காலையில ரெண்டு குடம், சாயங்காலம் ரெண்டு குடம். இடது கைதான் டயாலிசிஸுக்கு ஊசி ஏத்துற கை, அதுல வெயிட் தூக்கக் கூடாது. அதனால வலது கையால அரைக் குடம் அரைக் குடமா எடுத்துட்டுப் போயி ஊத்துவாராம். அந்தம்மா குடத்தை வாங்கப் போனாலும் குடுக்க மாட்டாராம். "எம் பொண்ணு வந்து இருக்கப்போகுது, நான்தான் ஊத்தணும்"னுவாராம். ஊத்திட்டு, அந்தத் தண்ணி மண்ணுக்குள்ள இறங்குற வரைக்கும் அங்கேயே உட்கார்ந்து பார்த்துக்கிட்டிருப்பாராம். வாய் வறண்டு போயி உட்கார்ந்திருப்பாரு சார்னாங்க அந்தம்மா. அவங்க சாதாரணமாத்தான் சொன்னாங்க. காபி டம்ளரைக் கழுவிக்கிட்டே சொன்னாங்க.

தீபாவளிக்கு ஒன்பது நாள் இருந்துச்சு. வியாழக்கிழமை. அஞ்சே முக்கால் பஸ்ல ஏறியிருக்காரு. முன் சீட்டு குடுத்திருக்காங்க. புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுல எல்லாரும் இறங்கிட்டாங்க, இவர் மட்டும் இறங்கல. தூங்குறாருன்னு நினைச்சு கண்டக்டர் தோளைத் தொட்டிருக்காரு. அவ்வளவுதான். ஹார்ட்டுன்னாங்க. அந்த வியாதிக்கு அப்படி ஆகுறது உண்டாம். வண்டியில இருந்தா மட்டும் ஆகாம இருந்திருக்குமான்னு நீங்க கேப்பீங்க. டாக்டரும் அதான் சொன்னாரு. எங்க இருந்தாலும் ஆகியிருக்கும்னாரு. நான் அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் ஓட்டிக்கிட்டிருக்கேன். ஆனா தையல் பக்கத்துல இருந்திருப்பா. அதை யாரும் இல்லைன்னு சொல்ல முடியாதுல்ல? பெத்த பொண்ணு கையைப் பிடிச்சுக்கிட்டிருந்திருப்பா. கண்டக்டர் தொட்டுப் பார்க்க வேண்டியிருந்திருக்காது.

தையலுக்குப் போன் வந்தப்ப இங்கதான் நின்னா, இதே இடத்துல. கேபிளைக் கழட்டிக்கிட்டிருந்தா. ஸ்கூலுக்குப் போயிட்டு ஒன்பதே காலுக்குக் கிளம்பணும், சார்ட்படி.

பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு பந்தல் பிரிச்சாங்க. வந்தவங்க எல்லாம் போயிட்டாங்க. எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல. எங்க உட்காருறது, அவகிட்ட என்ன பேசுறது, ஒண்ணும் தெரியல. மீட்டரை எடுத்துட்டு வாசலுக்குப் போயிட்டேன். எனக்குத் தெரிஞ்சது அதானே. வச்சுப் பார்த்தேன். அரை வோல்ட்டுகூட இல்ல. உள்ள போயி அவகிட்ட சொன்னேன். "தையல், எர்த் சரியாயிடுச்சு. அரைதான் காட்டுது. இனிமே இங்க சார்ஜ் போடலாம்"னு சொன்னேன். ஆறுதலாச் சொல்றேன்னு நினைச்சுத்தான் சொன்னேன் தம்பி. அவங்கப்பா வேலை வீண் போகலைன்னு.

அவ என்னைப் பார்த்தா. கோபமாப் பார்த்திருந்தா நல்லா இருந்திருக்கும். "அப்பா அவ்வளவு தண்ணி ஊத்தினாருல்ல. அதான் இறங்கியிருக்கு"ன்னா. அப்புறம், "நான் இங்க இருக்கேங்க கொஞ்ச நாளைக்கு. அப்ப இருக்க முடியல. இப்பவாவது இருக்கேன்"னா.

மறுநாளே திருச்சி வந்து போர்ட்டபிள் வாங்கிட்டுப் போயிக் குடுத்தேன். அவளே சொருகினா. பச்சை லைட் வந்துச்சு. அதை ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டு நின்னா. இந்தக் கொஞ்ச நாள் எட்டு மாசம் ஆயிடுச்சு. இங்க வேலையை விட்டுட்டா. அங்கேயே ஒரு ஸ்கூல்ல சேர்ந்துட்டா. நான் மாசத்துக்கு ரெண்டு ஞாயிறு பஸ்ல போயிட்டு வரேன். நல்லா கவனிப்பா. மீன் வாங்கிக் குழம்பு வைப்பா. சாயங்காலம் ஆனா குடத்தை எடுத்துக்கிட்டு வாசலுக்குப் போவா. அவங்கப்பா மாதிரியே ரெண்டு குடம் ஊத்துவா. "நீங்கதானே சொன்னீங்க, ஊறிக்கிட்டே இருந்தாத்தான் குறையும்னு"ன்னு சொல்லுவா. நான் உள்ள போயி டிவியைப் போட்டுக்குவேன்.

காபி ஆறிடுச்சு, குடிங்க. நல்லா இல்லைல்ல?

என்ன கேட்டீங்க? ஆமா. செபஸ்தியான் சரியாத்தான் போட்டிருந்தாருன்னு நான்தான் சொன்னேன். எட்டடி, கரி, உப்பு, ஒழுங்கான வயர். அப்படிப் போட்டா ஆறு வராதுதான். நீங்க படிச்சவரு, கண்டுபிடிச்சுட்டீங்க. இவ்வளவு நாள்ல யாரும் கேக்கல.

வரல தம்பி. அன்னிக்கு மீட்டர்ல வந்தது ஒண்ணே முக்கால்.

ஆறுங்கிறது எங்கேருந்து வந்துச்சுன்னு எனக்கே தெரியல. அவ எவ்வளவுங்கன்னு கேட்டா, வாயில வந்துடுச்சு. வெயிலா இருந்துச்சு, மீட்டரை என் நெஞ்சுப் பக்கமாத் திருப்பிப் பிடிச்சிருந்தேன். அவருக்குக் கண்ணு சரியாத் தெரியாது. தெரிஞ்சாலும் பார்த்திருக்க மாட்டாரு, மாப்ள சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நினைக்கிற மனுஷன். எனக்குப் பீரோ பக்கத்துல இருந்த அந்தப் பெட்டி மட்டும்தான் ஞாபகம் வந்துச்சு. ஆறு மாசம் இந்த வீட்டுல நான் தனியா எப்படி இருப்பேன்? நாலே காலுக்குச் சத்தம் வராதே? எனக்குத் தனியா உட்கார்ந்து சாப்பிடப் பிடிக்காது தம்பி. அதான் விஷயம். வேற ஒண்ணும் இல்ல. அவர் சாகணும்னா நினைச்சேன்? தீபாவளி வரைக்கும் தள்ளினா அதுக்குள்ள அவளே மனசு மாறிடுவான்னு நினைச்சேன். அவ்வளவுதான் நினைச்சேன்.

அவகிட்ட சொல்லிடுங்கன்னு சொல்றீங்க. எப்படிச் சொல்றது, சொல்லுங்க பார்ப்போம். அவங்கப்பா ஊத்தின தண்ணியாலதான் எர்த் இறங்குச்சுன்னு அவ நம்பிக்கிட்டிருக்கா. அவங்கப்பா தனக்காகச் செஞ்சு ஜெயிச்ச ஒரே காரியம்னு அதை வச்சுக்கிட்டிருக்கா. அவர் ஊத்தவே வேண்டியதில்ல, முதல் நாளே சரியா இருந்துச்சு, நீ அன்னிக்கே வந்து இருந்திருக்கலாம்னு நான் எந்த வாயால சொல்றது? நான் ரெண்டு தடவ சொல்லணும்னே பஸ் ஏறிப் போனேன். ரெண்டு தடவையும் சாயங்காலம் அவ குடத்தை எடுத்தா. திரும்பி வந்துட்டேன். கண் கலங்குறேன்னு நினைக்காதீங்க, தூசி இங்க அதிகம். சரி, கலங்கினா கலங்கட்டும்.

எழுந்துட்டீங்களா? முடிவு பண்ணிட்டீங்களா, எடுத்துக்கிறீங்களா? நல்லது. இருக்கிற நாலு போல்ட்டைக் கழட்டினா வந்துடும், ஸ்பேனர் உள்ள இருக்கு, எடுத்துட்டு வரேன். விலையெல்லாம் நீங்க பார்த்துக் குடுங்க. வீட்டுல மாட்டினதும் மறக்காம எர்த் பார்த்துடுங்க. நான் வந்து பார்த்துச் சொல்றதா? வேண்டாம் தம்பி. மீட்டர் ஒண்ணு நீங்களே வாங்கிக்குங்க, உங்க வீட்டம்மாவையும் பக்கத்துல நிக்க வச்சுக்கிட்டு, ரெண்டு பேரும் சேர்ந்து பாருங்க. நான் சொல்ற ரீடிங்கை நம்பாதீங்க.